மாப்பிள்ளை போகும் மகனின் மவுத் ஓகன்கள்

மகன்,

இன்று சுபஹு தொழுதுவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கும் முன்னால், நான் உன் சூட்கேசைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக் கலியாணத்துக்கு என்று நானே மடித்து அடுக்கிய சட்டைகளுக்கு அடியில் நீ செருகி வைத்திருந்த கறுப்புப் பையை எடுத்தேன். நீ வாயில் வைத்து ஊதும் ஏழு மவுத் ஓகன்களும் அதற்குள் இருந்தன. அதைக் கொண்டுபோய் தையல் மெஷின் மேசையின் கீழ்ப் பெட்டிக்குள், துணி வெட்டுகளுக்கு அடியில் தள்ளி மூடினேன். நீ தொழுதுவிட்டு வந்து பக்கத்து அறையில் மறுபடி தூங்கிக்கொண்டிருந்தாய். அரை மணித்தியாலம் கழித்து அதே பையை எடுத்து, இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்துவிட்டேன். நீ திறந்து பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றிச் சொல்லாமல் உன்னை இந்த வீட்டிலிருந்து அனுப்ப எனக்கு முடியவில்லை. நீ ஒலுவில் துறைமுகத்துக்கு, படகு எஞ்சின் திருத்தும் வேலைக்குப் போய்விட்டாய். வாப்பா கடைக்குப் போய்விட்டார். நான் பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் பெண்பிள்ளையைப் பெற்றவர்கள் வீடு கட்டிக் கொடுத்து மகளைத் தங்களோடு வைத்துக்கொள்வார்கள். ஆண்பிள்ளையைப் பெற்றவர்கள் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார்கள். நீ பிறந்த அன்றே இது எனக்குத் தெரியும். இந்த வீடும் எனக்கு என் உம்மா தந்த வீடு. உன் வாப்பா இதற்குள் மாப்பிள்ளையாக வந்து இருபத்தாறு வருடம். என் உம்மா இருந்தவரை அவரோடு நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை கதைத்ததில்லை. “மகள், மருமகனுக்கு மீன் பொரியல் காணுமா எண்டு கேளு” என்று கதவுக்கு அப்பால் நின்று சொல்லுவா. அவர் ஆறடி தள்ளி இருந்து அதைக் கேட்டபடியே, நான் வந்து திருப்பிச் சொல்லும்வரை கேட்காதவர் போலச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். மரியாதைதான் அது. ஆனால் குறை சொல்வதும் அந்த வழியாகத்தான் வரும். உனக்கு வரப்போகும் மாமியும் உன்னிடம் ஒருநாளும் ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டா. தன் மகளிடம், நீ கட்டப்போகும் ரிஸ்னாவிடம் சொல்லுவா. ரிஸ்னா அதைச் சுமந்துகொண்டு உன் அறைக்குள் வருவாள். இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

உனக்குப் பதினைந்து வயதில், கல்முனைச் சந்தையில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில் முதல் மவுத் ஓகனை வாங்கி வந்தாய். ஒரு மாதம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஒருநாள் காலை நீ ஊதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு ராத்தா கையில் சட்டியோடு வாசலுக்கு வந்து, “மீன்காரன்ட ஹோன் கேட்டிச்சே, எங்க டீச்சர், அதுக்குள்ள போயிட்டானா?” என்று கேட்டா. வாப்பா சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்திவிட்டது. “உண்ட மகன்ட ஊத்துக்கு இனி நம்மளும் ரெண்டு கிலோ கீரி மீன் வெச்சிக்கொள்ளத்தான் வேணும்” என்றார். அவர் உன்னைத் தடுக்கவில்லை. நீ எடுத்தால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவார்; அவ்வளவுதான் அவருடைய கருத்து. இசை மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்று என்னிடம் கேட்டால், மார்க்கம் படித்த ஆலிம்களே ஒரே குரலில் சொல்லாத ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. நீ தொழுகையை விடவில்லை, பாடத்தை விடவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தேன். ஆனால் போதும் என்று இருந்தவள் ஏன் வேறொன்று செய்தேன்? யாராவது கேற்றைத் திறக்கும் சத்தம் கேட்டால், குசினி யன்னலில் அகப்பையால் இரண்டு தட்டுத் தட்டுவேன். நீ உடனே நிறுத்திவிடுவாய். பெரிய வாப்பா வந்தாலும் தட்டினேன், பால்காரன் வந்தாலும் தட்டினேன். எனக்கு வெட்கம் இல்லாத ஒன்றை, வெட்கப்பட வேண்டியது போல மறைக்க உன்னைப் பழக்கியது அந்தத் தட்டுத்தான். நீ ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன்.

பிறகுதான் புளூஸ் வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களுடைய பாட்டு என்றாய். எனக்கு அது முதலில் ஒரே அழுகையாகத்தான் கேட்டது. இணையத்தில் யாரோ சொல்லித் தருவதைப் பார்த்துக்கொண்டு குசினிக்கு வந்து, “உம்மா, நான் ஊதிறன், நீங்க எண்ணுங்க” என்பாய். நான் கீரை ஆய்ந்துகொண்டே எண்ணுவேன். பன்னிரண்டு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு தட்டு. மூன்று நாலு சுரங்களைச் சேர்த்து ஒலிப்பதை கோர்ட் என்றாய். நமக்குள் அதைக் கூட்டு என்றே சொல்லிப் பழகினோம். மூன்றே மூன்று கூட்டுத்தான்: வீடு மாதிரி ஒன்றாம் கூட்டு, அங்கிருந்து போய்வர நாலாம் கூட்டும் ஐந்தாம் கூட்டும். நான் கணக்கு டீச்சர் அல்லவா, சதுர ரூல் கொப்பியில் பன்னிரண்டு சதுரம் கீறி எந்தச் சதுரத்தில் எந்தக் கூட்டு என்று எண் போட்டுத் தந்தேன். எனக்கு விளங்காதது ஒன்றுதான் இருந்தது. உன் மவுத் ஓகனில் ‘சி’ என்று அதன் சுரத்தின் பெயர் எழுதியிருக்கும், நீ அதில் ‘ஜி’ பாட்டு வாசிப்பாய். ஏன் என்று கேட்டதற்கு, “அதுலதான் உம்மா மூச்சை உள்ள இழுக்கிற சுரமெல்லாம் அழும். சொந்தச் சுரத்தில வாசிச்சா இது சும்மா சந்தோசமாக் கிடக்கும்” என்றாய். அதைக் கேட்டுக்கொண்டிருந்த வாப்பா செருப்பை மாட்டியபடி, “அப்ப இதுவும் நம்மட ஊர் மாப்பிள்ளைதான். பிறந்த ஊட்டுல இல்ல, போன ஊட்டுலதான் குடித்தனம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் மட்டக்களப்புச் சினேகிதன், கிற்றார் வாசிக்கிறவன், தானே கட்டிய ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பியது நினைவிருக்கும். அதற்கு மேலே நீ வாசித்து அனுப்ப வேண்டும். மூன்று நாள் உன்னால் முடியவில்லை. நன்றாகத்தான் தொடங்கும்; இரண்டாவது கட்டத்திலேயே உன் சுரம் கிற்றாரோடு உரசி, பல்லில் மணல் கடிபட்டது போல ஆகும். நான் என் கொப்பியைப் பார்த்து, “பன்னிரண்டு வரல்ல மகன், எட்டிலேயே முடியுது. உண்ட கூட்டாளிக்கு எண்ணத் தெரியா” என்றேன். நீ கோபப்பட்டாய். “எண்ணாதீங்க உம்மா, கேளுங்க” என்று போனை என் காதருகே பிடித்தாய். அன்றுதான் நான் ஒரு பாட்டை எண்ணாமல் கேட்டேன். மவுத் ஓகனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சுற்று முழுதும் நாமிருவரும் சும்மா கேட்போம் என்று சொன்னது நீதான். வீடு எது, பாட்டு எப்போது வீட்டை விட்டு இறங்குகிறது, எப்போது திரும்பி வந்து உட்காருகிறது, இந்த மூன்றையும் பிடித்த பிறகு நடுவில் உள்ளது தானாக அவிழ்ந்தது. பாட்டு நாலாம் கூட்டுக்குப் போகவில்லை. ஒரே பாய்ச்சலில் ஆறாம் கூட்டுக்குப் போய், அங்கிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து ஒன்று என்று படிப்படியாக வீட்டுக்கு இறங்கி வந்தது. உனக்குப் பழக்கமில்லாத வழி. ஆனால் ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கேட்டு நிற்கிற வழி. அது விளங்கியதும் எட்டுக் கட்டமும் எனக்கு ஒரே மூச்சாகக் கேட்டது.

உன் பிழை எங்கே என்று அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தோம். நீ பழக்கத்தில் எப்போதும் இரண்டாம் துளையை இழுத்து ‘ஜி’யில் போய் நின்றுவிடுவாய். அது வீட்டுச் சுரம். மூன்று கூட்டுப் பாட்டில் அதில் நின்றால் பெரும்பாலும் பிழை வராது. ஆறாம் கூட்டுக்கு அந்தச் சுரம் ஆகாது. அதற்கு வேண்டியது அதைவிட அரைப்படி உயர்ந்த சுரம். மூன்றாம் துளையை உள்ளிழுத்து, நாக்கைப் பின்னுக்கு வாங்கி, சுரத்தை எவ்வளவு கீழே வளைக்க முடியுமோ அவ்வளவு வளைத்தால்தான் அது வரும். இரண்டாம் கூட்டுக்கு நாலாம் துளையில் ஒரு சின்ன வளைவு, ஐந்தாம் கூட்டுக்கு இரண்டாம் துளையில் ஒன்று. நான் அட்டவணை போட்டேன்: எது சும்மா கிடைக்கும், எது வளைத்தால் கிடைக்கும், எதில் நிற்கக் கூடாது. ஆறாம் கூட்டின் மற்ற மூன்று சுரமும் வளைக்காமலே கிடைத்தன. “அப்ப வளைக்க ஏலாட்டி அதுல ஒண்டை மட்டும் சின்னதா வாசி. அதுவும் ஏலாட்டி சும்மா இரி. கிற்றார் போகட்டும்” என்றேன். நீ அப்படியே செய்தாய். ஆறாம் கூட்டு வந்தபோது வாயை எடுத்துவிட்டு ஒரு கட்டம் காத்திருந்து, இரண்டாம் கூட்டில் மெல்லச் சேர்ந்துகொண்டாய். எனக்கு அந்த இடம்தான் மிகவும் பிடித்தது. இதற்குப் பிறகு ஒரே கூட்டை விட்டு நகராத பாட்டுகளையும், பாடுகிறவரின் மூச்சு முடிகிற இடத்தில் கட்டம் முடிகிற பழைய பாட்டுகளையும் கொண்டுவந்தாய். கொப்பியில் அடங்காதவை அவை. எண்களை நம்பி வாழ்கிற எனக்கு அவை கஷ்டமாக இருந்தன. சிலவேளை பிடித்தும் இருந்தன.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சம்மாந்துறைக்கு உன் கலியாணம் பேச நானும் வாப்பாவும் போன அன்று, வான் வண்டியில் ஏறும்போது நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டாய். “உம்மா, மவுத் ஓகன் விசயத்தைச் சொல்லிடுங்க. பிறகு தெரிஞ்சு பிரச்சின வரப்படாது. அவங்களுக்குச் சரியில்லாட்டி இப்பவே தெரியட்டும்.” நான் தலையாட்டினேன். அங்கே ஆண்கள் முன்னறையில் இருந்தார்கள். ரிஸ்னாவின் உம்மா என்னை உள்ளே கூட்டிப்போய் வட்டிலப்பம் வைத்தா. மெல்லிய குரலில், தயங்கித் தயங்கித்தான் கேட்டா. “டீச்சர், குறை நினைக்கப்படாது. மகன் ஏதோ வாயில வெச்சு ஊதுறவராம் எண்டு ஒரு கதை. இவர்ட மூத்த நானா பள்ளிவாசல் நிருவாகத்தில இரிக்கார். இந்த மியூசிக் ஒண்டும் அவருக்கு ஒத்துவராது. அதான் கேக்கன்.” அவ கேட்டு முடிக்கவும் இல்லை. “அது சின்ன வயசில சம்மந்தி. இப்ப அதெல்லாம் விட்டுட்டார்” என்றேன். அவ முகம் அப்படியே மலர்ந்தது. “நான் அப்பவே சொன்னன், டீச்சர்ட பிள்ளை அப்படி இரிக்காது எண்டு” என்று சொல்லி இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தா. நான் சாப்பிட்டேன். ஏன் சொன்னேன் என்று பல நாளாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பயந்தேன் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. நல்ல குடும்பம், அமைதியான பிள்ளை, நீயும் அவளை விரும்பிவிட்டாய். ஒரு மவுத் ஓகனால் அது கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன்.

ஒரு பொய்யோடு நின்றிருந்தால்கூட அதை நான் எப்படியாவது சரிக்கட்டியிருப்பேன். திரும்பி வரும் வழியில் நீ போன் எடுத்தாய்.

“சொல்லிட்டீங்களா உம்மா?”

“ஓம் மகன், சொல்லிட்டன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்டும் சொல்லல்ல. சிரிச்சாங்க.”

நீ, “நான் சும்மா பயந்திட்டன் உம்மா. நல்ல மனிசர்” என்றாய். வாப்பா பக்கத்தில் வண்டியின் யன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் இது தெரியாது. உன் சந்தோசத்தைக் கேட்டபோது, நான் சொன்னது உண்மையாகிவிட்டது போல எனக்கே ஒரு எண்ணம் வந்தது. அன்றிலிருந்து அந்த எண்ணத்தில்தான் போய் நின்றுகொண்டிருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ரிஸ்னா எனக்குப் போன் எடுத்தாள். முதலில் சாரியின் நிறம் பற்றிக் கதைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மாமி, அவர்ட மவுத் ஓகன் வெக்க நான் அலுமாரியில ஒரு தட்டு ஒதுக்கியிரிக்கன். உம்மா என்னத்துக்கு இது எண்டு கேட்டா, நான் தொப்பி வெக்க எண்டு சொல்லிட்டன்” என்றாள். “எங்கட உம்மாக்கு எல்லாம் தெரியும் எண்டு அவர் சொல்றார். உம்மா என்னெண்டா, எங்கட மாப்பிள்ளைக்கிட்ட அந்தப் பழக்கமே இல்ல எண்டு சாச்சிமார்க்கிட்டப் பெருமை அடிச்சிட்டுத் திரியிறா. எது சரி மாமி?” அவள் குற்றம் சாட்டவில்லை, மகன். உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். நான், “அடுப்பில கறி இரிக்கி மகள், பிறகு எடுக்கன்” என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. இந்த வீட்டுக்கு உம்மா என்று நான் இருந்து செய்து வைத்திருப்பது இதுதான்: இன்னும் உன் வீட்டுக்காரி ஆகாத ஒரு பிள்ளை, அவள் பெற்ற உம்மாவிடம் பொய் சொல்லத் தொடங்கிவிட்டாள். தொப்பி என்று சொன்ன அந்தப் பிள்ளையைக் கோபிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அதனால்தான் இன்று காலை சூட்கேசைத் திறந்தேன். மவுத் ஓகன் இல்லாமல் நீ போய்ச் சேர்ந்தால் என் பேச்சு உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். எங்கேயோ மாறிப் போய்விட்டது, தேடிப் பார்ப்போம் என்று சொல்லலாம். நாள் போகப் போக நீயும் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். தையல் மெஷின் பெட்டியை மூடிவிட்டுத் தேநீர் வைத்தேன். நீ எழுந்து வந்து குடித்தாய். “உம்மா, ஏன் முகம் ஒரு மாதிரி?” என்றாய். தலைவலி என்றேன். நீ மூலையில் இருந்த தைலப் போத்தலைத் தேடி எடுத்து வந்து என் கையில் தந்துவிட்டு முகம் கழுவப் போனாய். நீ கிணற்றடியில் நிற்கும்போதுதான் பையைத் திரும்ப வைத்தேன். என்னை நம்பி நீ ஒரு வீட்டுக்குப் போகிறாய். அந்த வீட்டில் எந்தச் சுரத்தில் நிற்கலாம், எதில் நிற்கக் கூடாது என்று நீ அறியாமல் போய் வாசிக்கத் தொடங்குவாய். முதல் வாரத்திலேயே ரிஸ்னா கதவைச் சாத்துவாள். அடுத்த மாதம் அவளும் உனக்காக எங்கேயாவது தட்டிச் சத்தம் காட்டத் தொடங்குவாள். நீ நிறுத்துவாய். அந்தப் பழக்கத்தை உனக்குத் தந்தவள் நான் என்பதால் அது எனக்கு நன்றாகத் தெரியும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இன்று பெரிய உரிமை இல்லை. ஆனாலும் உம்மா என்றபடியால் இரண்டு வார்த்தை. ரிஸ்னாவிடம் கோபப்படாதே, அவள் கேட்டது சரியான கேள்வி. அவள் உம்மாவையும் கோபிக்காதே. அவவும் சரியாகத்தான் கேட்டா, நேரத்துக்குத்தான் கேட்டா. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அது அவர்களுடைய வீடு, அவர்களுடைய மார்க்கப் பிடிப்பு. அதில் நியாயம் இல்லை என்று நீ சொல்லக் கூடாது. வாசிப்பதா, விடுவதா, எந்த வீட்டில் வாசிப்பது என்பது நீயும் ரிஸ்னாவும் வெளிச்சத்தில் உட்கார்ந்து கதைத்து எடுக்க வேண்டிய முடிவு. அதை உங்களுக்காக நான் இருட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். அதைத் திருப்பித் தர வேண்டும்.

இப்போது நேரம் பத்தரை. நான் நேரில் சொல்லி முடிக்காததை நீ வந்து வாசிப்பதற்காகக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு நான் அபாயாவைப் போட்டுக்கொண்டு சம்மாந்துறை பஸ்ஸுக்குப் போகிறேன். வாப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் வெள்ளிக்கிழமை தாண்டட்டும் என்பார், நானும் சரி என்றுவிடுவேன். ரிஸ்னாவிடமும் சொல்லவில்லை. அந்த உம்மாவின் முன்னால் உட்கார்ந்து, மகன் வாசிப்பார், விடவில்லை, சொல்லச் சொல்லித்தான் என்னை அனுப்பினார், பொய் சொன்னது நான் என்று சொல்லப் போகிறேன். கலியாணம் நின்றாலும் நிற்கலாம். இந்த ஊர் ஒரு வருடம் அதைக் கதைக்கும்; உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்; நீ என்னோடு கதைக்காமலும் இருக்கலாம். அவ என்ன சொன்னாலும் அதை மகளைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்ப விட மாட்டேன். அங்கிருந்து நேரே ஒலுவிலுக்கு வந்து, உன் வேலை முடியும்வரை வெளியே நின்று, நானே உன்னிடம் சொல்கிறேன்.

உம்மா